அழுத பிள்ளையும் சி.எஸ்.ஆர். ரசீதும்

(குரோம்பேட்டைப் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காவல் உதவி ஆணையர் அவர்களே, ஆய்வாளர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, சங்கச் செயலாளர், பொருளாளர் அவர்களே, மகளிர் அணித் தாய்மார்களே, நாற்காலி இருந்தும் பின்னால் நின்றே கேட்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த உரிமையாளருக்கும் மைக் செட் தம்பிக்கும் தனித்தனியாக வணக்கம். போன வருடம் மைக் செட் தம்பியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் பேசும்போது மட்டும் மைக் நின்றுபோனது. மின்வெட்டு என்றார்கள். சரி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நம் நகரில் குற்றங்களும் காவல் உதவி அழைப்புகளும்'. மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். குற்றம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது ஒன்று. 100க்குப் போகும் அழைப்புகள் இரண்டாவது. மூன்றாவது, தெருவுக்குத் தெரு கேமரா.

குற்றம் கூடிவிட்டதா என்று பூங்காவில் நடக்கிறவர்களைக் கேட்டால், "ரொம்பக் கெட்டுப்போச்சு சார்" என்பார்கள். என் அப்பாவும் இதையேதான் சொன்னார். அவர் சொன்னது எழுபதுகளில். அதனால் அட்டவணையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அது இன்னும் வேடிக்கை. 2020ஆம் வருடம் நாம் எல்லோரும் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தோம். திருடனும் இருந்தான். ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி அந்த வருடம் நாடு முழுக்கப் பதிவான வழக்குகள் 66 லட்சம். முந்தைய வருடத்தைவிட 28 சதவீதம் அதிகம்! எப்படி? அரசு உத்தரவை மீறியதற்கான, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் 2019இல் 30 ஆயிரம் வழக்குகூட இல்லை. 2020இல் 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தடையை மீறித் தெருவில் இறங்கியவர்கள் கணக்கு அது. உண்மையில் திருட்டும் வழிப்பறியும் அந்த வருடம் குறைந்திருந்தன.

நம் கதைக்கே வருவோம். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரமும் ஆவடியும் தனித்தனி காவல் ஆணையரகம் ஆகிவிட்டன. அதுவரை நாம் சென்னைக் கணக்கில் இருந்தோம். எல்லை மாறிய பிறகு சென்னையின் 2021 எண்ணையும் 2022 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்தது, கூடியது என்று பேசினால், பாகம் பிரித்துக் கொடுத்த அண்ணனைப் பார்த்து "ஏழையாகிவிட்டீர்களே" என்று கேட்பது மாதிரி.

குற்றம் கூடுவது வேறு, குற்றப்பதிவு கூடுவது வேறு என்று அந்தக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. வருகிற புகாரையெல்லாம் ஒழுங்காகப் பதியும் நிலையம் பட்டியலில் மோசமாகத் தெரியும். திருப்பி அனுப்பும் நிலையம் தங்கமாகத் தெரியும். ஆகவே நான் எங்கே போனாலும் சொல்வது ஒன்றுதான்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாம் அழவும் வேண்டும், அழுததை யாராவது எழுதி வைக்கவும் வேண்டும்.

இந்த இடத்தில் என் டி.வி.எஸ். 50 கதையைச் சொல்லாமல் போக முடியாது. கேட்டவர்கள் மன்னிக்கவும். அப்போது நான் டெலிபோன் டிபார்ட்மெண்டில், வேறு ஊரில் இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். உதவி ஆணையர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. பையோடு நிலையத்துக்கு ஓடினேன். ரைட்டர் தலையை நிமிர்த்தாமல், "பூட்டினீங்களா?" என்றார். பூட்டினேன் என்றேன். "பூட்டினா எப்படிப் போகும்?" நானும் அதைத்தானே கேட்க வந்திருக்கிறேன்! "சரி, வெள்ளைத்தாள் அரைக் குயர், கார்பன் ரெண்டு வாங்கிட்டு வாங்க." வாங்கி வந்தேன். ஒரு தாளில் என் மனு. மீதித் தாள் எங்கே போனது என்று கேட்கவில்லை. ரசீது கேட்டேன். "நாலு நாள் தேடிப் பாருங்க சார், இங்கதான் எங்காவது நிக்கும்" என்றார். கத்தரிக்காயோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் மாமனார். ஓய்வுபெற்ற தபால்காரர். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் கையெழுத்து வாங்காம ஒரு மணியார்டர்கூடக் கொடுத்ததில்ல மாப்பிள்ளை. நீங்க வண்டியையே கொடுத்துட்டு வெறுங்கையோட வந்திருக்கீங்களே" என்றார். மறுநாள் காலை அவரே என்னைத் தபால் ஆபீசுக்கு அழைத்துப் போய், மனுவின் கார்பன் நகலை மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போடவைத்தார். எனக்கு மனசுக்குள் எரிச்சல்தான்.

மூன்றாவது வாரம் பக்கத்து மாவட்டத்திலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். என் வண்டியில் போய் யாரோ ஒரு அம்மாவின் தாலிச்செயினை அறுத்திருக்கிறான். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர். வண்டி காணாமல் போய் மூன்று வாரம் ஆகிறது என்றேன். "புகார் கொடுத்தீங்களா? ரசீது எங்கே?" என் மனைவி கதவு ஓரம் நின்று அழுகிறாள், எதிர்வீட்டார் எல்லோரும் வாசலில். மாமனார் மட்டும் நிதானமாக உள்ளே போய், பஞ்சாங்கத்துக்கு நடுவே வைத்திருந்த ஒப்புகை அட்டையை எடுத்து வந்தார். தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. வந்தவர்கள் காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வண்டி எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது, சீட் இல்லாமல்.

சரி, இரண்டாவது விஷயம். 100க்கும் 112க்கும் போகும் அழைப்பெல்லாம் கொலை, கொள்ளை என்று நினைக்காதீர்கள். கேட்டை மறைத்துக் கார் நிற்கிறது, குடித்துவிட்டு ஒருவர் சத்தம் போடுகிறார், ராத்திரி பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி, புருஷன் பெண்டாட்டி சண்டை. இதுதான் அன்றாடம். இதில் பெரும்பாலானவை குற்றப் பட்டியலில் வராது. ஆனால் எந்தத் தெருவிலிருந்து எத்தனை மணிக்கு அழைப்பு வருகிறது என்பதை வைத்துத்தானே ரோந்து வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று தெரியும்? 'எதுக்கு சார் வம்பு' என்று நாம் போனை எடுக்காத தெருவுக்கு வண்டி வராது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

இணைய மோசடியில் இது இன்னும் மோசம். போலீஸ் என்று வேஷம் போட்டு வீடியோ காலில் மிரட்டுகிறார்களே, அந்த 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. படித்தவர்கள்தான், பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள்தான் வீடியோ காலைப் பார்த்துப் பயந்து பணத்தை அனுப்பிவிட்டு வெட்கத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தமுடியாது என்பார்கள். இங்கே திருட்டுக் கொடுத்தவருக்கு அந்த நிலை. இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே பேசினால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. நாளைக்குப் பேசலாம் என்றால் பெரும்பாலும் போனதுதான்.

இதனால்தான் நம் சங்கம் ரசீது இயக்கம் நடத்துகிறது. நீதிமன்ற ஆணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது. மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்கிறது. நிலையத்தில் பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்றும் சொல்கிறது. என் மாமனாருக்கு இது எப்போதோ தெரியும். நாம் கேட்பது அதற்கும் முந்தைய படி: எந்த மனுவானாலும் கொடுத்த அந்த நிமிடமே சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்து சேர்ந்ததற்கு நிலையம் எண் போட்டுத் தரும் ரசீது. அதோடு, நம் பகுதி அழைப்புகள் தெருவாரியாக எத்தனை என்று மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். பெயர் வேண்டாம், எண் போதும். உதவி ஆணையர் தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேமரா. அதைப் பற்றி நிறைய இருக்கிறது, ஆனால் செயலாளர் இரண்டாவது துண்டுச்சீட்டும் அனுப்பிவிட்டார். சாப்பாடு ஆறுகிறது என்று எழுதியிருக்கிறார். வாசல் பக்கம் மேசையில் நம் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டினால்தான் பந்தியில் இலை என்று சமையல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வணக்கம்.