ராக்கெட் ஏன் காத்துக்கு எதிர்ல போச்சு? சந்தேகத்துக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணே, மாரியூர் கடக்கரையில நீங்க வாட்டர் ராக்கெட் விட்ட வீடியோ பாத்தேன், காத்து கடல்ல இருந்து கரைக்கு அடிக்குது, உங்க சட்டையே அப்படித்தான் பறக்குது, ஆனா ராக்கெட் கடல் பக்கமா சாஞ்சு போகுது, காத்து தள்ளுனா கரைப்பக்கம்ல வரணும், வீடியோவ திருப்பிப் போட்டுட்டீங்களா?" அப்படின்னு.

திருப்பியெல்லாம் போடல தம்பி. நல்ல கேள்வி, ஏன்னா அன்னைக்கு எங்களுக்கே இது தான் குழப்பம். புதுசா பாக்குறவங்களுக்கு, வாட்டர் ராக்கெட்னா கலர் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, லாஞ்சர்ல மாட்டி, பம்ப்ல காத்தடிச்சு மேல விடுறது. முதல்ல நடந்தத சொல்லிர்றேன். சாயல்குடியில இருந்து விடியக்காலை கிளம்பி ஆறரைக்கெல்லாம் மாரியூர் போயாச்சு, மொத ராக்கெட்ட ஏழு மணிக்கு விட்டோம், காத்தே இல்ல, நூல் புடிச்ச மாதிரி நேரா மேல போச்சு, அது வீடியோவுல முதல் ரெண்டு நிமிஷத்துல இருக்கும் பாருங்க. அதுக்கப்புறம் லாஞ்சர்ல பிரஷர் நிக்கல. பம்ப் அடிக்க அடிக்க புஸ்ஸுன்னு இறங்குது. பைப்பு பூராம் கழட்டி, ஜாயின்ட் எல்லாத்துக்கும் சோப்பு நுரை தடவிப் பாத்தா, பாட்டில் வாய் உக்கார்ற ரப்பர் வாஷர்ல ஒரு மண்ணு. ஒரே ஒரு கடல் மண்ணு, சீனி மாதிரி இருக்கு. அதக் கண்டுபிடிக்க ரெண்டரை மணி நேரம் போயிருச்சு, இடையில டீ குடிக்க வேற போனோம், மறுபடி ரெடியாகும் போது மணி பதினொண்ணு. அதுக்குள்ள தரை சூடாகி கடக்காத்து ஏறிருச்சு. நீங்க பாத்தது அதுக்கப்புறம் விட்டது.

ரெண்டாவது ராக்கெட் கடல் பக்கமா சாஞ்சு போய் பாராசூட் விரிச்சு கரைக்கு வந்துருச்சு. மூணாவது அதவிட மோசமா படுத்துக்கிட்டே போய் கடல்லயே விழுந்துருச்சு, பாராசூட் விரியவே இல்ல. அங்க ஒரு வள்ளத்துல வலை எடுத்துட்டு வந்த அண்ணன் தான் அத எடுத்துக் குடுத்தாரு. நாங்க கரையில நின்னு "காத்து இங்கிட்டு அடிக்குது, இது ஏன் அங்கிட்டு போச்சு"ன்னு பேசிக்கிட்டு இருக்கோம், அவரு பாட்டில கையில புடிச்சு மூக்கத் தூக்கிப் பாத்துட்டு, "இதுல என்னப்பா இருக்கு, நங்கூரம் போட்ட வள்ளம் எங்கிட்டு பாத்து நிக்கும்? காத்து வர்ற பக்கம் தான அணியத்த, மூக்க, வச்சு நிக்கும்?"னு கேட்டுட்டு போயிட்டாரு. அவ்வளவு தான் தம்பி பதில். மிச்சத்த நான் இழுக்குறேன்.

வள்ளத்துக்கு முன்னாடி அணியத்துல கயிறு கட்டியிருக்கு, காத்து பின்பக்கத்த தள்ளுது, அதனால மூக்கு தானா காத்துப் பக்கம் திரும்பிக்குது. ராக்கெட்ல கயிறு கிடையாது, ஆனா எடை முன்னாடி இருக்கு, ஃபின், அதான் வால்ல ஒட்டுற றெக்கை, பின்னாடி இருக்கு. எது தள்ளுனாலும் ராக்கெட் அதோட எடை மையத்த வச்சு தான் திரும்பும். பக்கவாட்டுல காத்து அடிச்சா பெரிய பரப்பா இருக்குற ஃபின்ன தான் அதிகமா தள்ளும், வால் கரைப்பக்கம் போகும், மூக்கு கடல் பக்கம் போகும். மூக்கு எங்கிட்டு பாக்குதோ அங்கிட்டு தான ஓடும். இங்கிலீஷ்ல வெதர்காக்கிங்னு சொல்லுவாங்க, கூரை மேல காத்துக்கு திரும்புற சேவல் பொம்மை இருக்கும்ல, அதே கதை.

அப்ப எவ்வளவு சாயும்? பாம்பன் பாலத்துல பைக் ஓட்டியிருந்தா இது ஈசியா புரியும். காத்து குறுக்க அடிக்கும், ஆனா நீங்க வேகமா போனா அது காதுல அடிக்காது, முன்னாடி இருந்து சரிச்சு மூஞ்சில அடிக்கிற மாதிரி வரும். ராக்கெட்டுக்கும் அதே தான். லாஞ்ச் ராட, அதான் ராக்கெட்டுக்கு வழி காட்டுற கம்பிய, விட்டு வெளிய வர்ற நேரத்துல செகண்டுக்கு 15 மீட்டர் வேகம், குறுக்கு காத்து 5 மீட்டர்னு வைங்க, காத்து 18 டிகிரி சரிவுல வர்ற மாதிரி ராக்கெட் உணரும். அதே காத்துல 30 மீட்டர் வேகத்துல வெளிய வந்தா 9, 10 டிகிரி தான். அதனால மெதுவா கிளம்புற ராக்கெட் தான் ரொம்ப சாயும். எங்க மூணாவது ராக்கெட் ரெண்டு பாட்டில ஒட்டுனது, வெயிட்டு, அதுல தண்ணியும் நான் பாதிக்கு மேல ஊத்திட்டேன், மூணுல ஒரு பங்கு தான் ஊத்தணும். தப்பு என் மேல தான்.

இன்னொரு தப்பும் பண்ணேன். ராக்கெட் ஆடாம போகணும்னு மூக்குல களிமண்ண அப்பி, ஃபின்னயும் பெருசா வெட்டிட்டேன். எடை மையம், காத்து அமுக்குற மையத்துக்கு (காத்து தள்ளுறது மொத்தமும் ஒண்ணா சேர்ற மாதிரி இருக்குற இடம்) ராக்கெட்டோட ஒரு விட்டம் அளவு முன்னாடி இருந்தா போதும்னு சொல்லுவாங்க, ரெண்டு லிட்டர் கலர் பாட்டிலுக்கு அது 11 சென்டிமீட்டர் வரும். எனக்கு கிட்டத்தட்ட 40 இருந்துச்சு. இது எப்படி தெரியும்னா, அட்டையில ராக்கெட்டோட நிழல வரைஞ்சு வெட்டி ஸ்கேல் மேல வச்சு பேலன்ஸ் பண்ணுங்க, அது நிக்கிற இடம் தான் காத்து அமுக்குற மையம், தோராயமா. நிஜ ராக்கெட்ட விரல்ல பேலன்ஸ் பண்ணா எடை மையம். நான் இத வீட்டுக்கு வந்து தான் பண்ணேன், போறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும். ரொம்ப நிலையா இருக்குற ராக்கெட் தான் காத்த ரொம்ப மதிக்கும், லேசா காத்து அடிச்சாலே அங்க திரும்பிரும்.

அப்ப ராட கரைப்பக்கம் லேசா சாச்சு வச்சு விடலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருக்காரு. விடலாம், அஞ்சு டிகிரி மாதிரி, பின்னாடி ஆளு நிக்கக் கூடாது. எந்தப் பக்கம் சாச்சாலும் நேர்ல இருந்து 30 டிகிரிய தாண்டக் கூடாது, காத்து மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல போனா மூட்டையக் கட்டிரணும், மாடல் ராக்கெட்காரங்க பாதுகாப்பு விதியிலயே அது இருக்கு. பெரிய ராக்கெட்லயும் சாய்க்கிற வேலை உண்டு, நம்ம ராமேஸ்வரம் கலாம் ஐயாலாம் ஆரம்பத்துல இருந்த, திருவனந்தபுரம் பக்கத்து தும்பாவுல 1963 நவம்பர் 21ல மொத ராக்கெட் விட்டாங்கல்ல, அந்த மாதிரி தானா வழி திருத்திக்கிற கைடன்ஸ் இல்லாத சவுண்டிங் ராக்கெட்டுக்கு, அதான் மேல் காத்து மண்டலத்த ஆராயுற சின்ன ராக்கெட்டுக்கு, ஏவுறதுக்கு முன்னாடி காத்த அளந்து அதுக்குத் தக்கன லாஞ்சர திருப்பி வைப்பாங்க.

பாராசூட் விஷயம் உல்டா. விரிஞ்சதுக்கு அப்புறம் மூக்கும் இல்ல ஃபின்னும் இல்ல, துணி மாதிரி காத்து போற பக்கம் போகும். அதனால தான் ரெண்டாவது ராக்கெட் கடல் பக்கம் போய் கரைக்கே திரும்பி வந்துச்சு. வந்தது வந்துச்சு, நேரா பனை மரத்துல. பதநீர் இறக்க ஏறுன ஒரு பெரியவர் பாத்துட்டு, "கீழ தள்ளி விடவா, கையில கொண்டு வரவா?"ன்னாரு, தள்ளி விடுங்கன்னு சொன்னேன், அது சீமைக்கருவேல முள்ளுல விழுந்து பாராசூட் கிழிஞ்சு போச்சு. கையிலயே வாங்கியிருக்கலாம்.

ரெண்டு பேரு தண்ணிக்கு பதிலா வெடி மருந்து எரியிற மோட்டார் போட சொல்லியிருக்கீங்க. லைசென்ஸ் இல்லாம வீட்டுல மருந்து கலக்குறது சட்டப்படி குத்தம், கையும் போயிரும், நான் பண்ண மாட்டேன். அப்புறம் உச்சிப்புளி பக்கம் விடலாமான்னு ஒரு கேள்வி, வேணாம்ப்பா, அங்க நேவி விமான தளம் இருக்கு.

ஆக தம்பி, அடுத்த தடவ ஏழு மணிக்கே எல்லாத்தையும் விட்டுருவோம், வாஷர்ல மண்ணு இல்லாம இருந்தா. அடுத்து, ஃபின்ன எதுல ஒட்டுறீங்கன்னு நாலஞ்சு பேரு கேட்டிருக்கீங்க, இருங்க அந்த ட்யூப எடுத்துட்டு வர்றேன்.