கடவுளைக் கைகழுவிய பூசாரி

[திரையில்: இருண்ட கோயில் மண்டபம். வரிசையாகப் படுத்திருக்கும் நோயாளிகள்.]

நடுராத்திரி. கோயில் பணியாள் விளக்குகளை அணைக்கிறான். என்ன சத்தம் கேட்டாலும் வாய் திறக்காமல் தூங்கவேண்டும் என்று கட்டளை. காரியோன் என்ற அடிமைக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கிழவியின் தலைமாட்டில் இருக்கும் கஞ்சிப் பானை அவனைப் படுத்துகிறது. தலையைத் தூக்கிப் பார்க்கிறான். பூசாரி படையல் மேசையிலிருந்து பணியாரத்தையும் உலர்ந்த அத்திப்பழத்தையும் சுருட்டிக்கொண்டிருக்கிறார்! அப்புறம் பலிபீடம் பலிபீடமாகப் போய், மிச்சம் மீதியை ஒரு சாக்குக்குள் 'அர்ப்பணம்' செய்கிறார்.

ஓகோ, இதுதான் பக்தியா என்று காரியோன் கஞ்சிப் பானையை நோக்கி நகர்கிறான். கிழவி கையை நீட்டுகிறாள். கோயில் பாம்பு போலச் சீறி அந்தக் கையைக் கடித்துவிட்டு, கஞ்சியைக் குடித்து முடிக்கிறான்.

பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய 'ப்ளூடோஸ்' நாடகத்தில் வரும் காட்சி இது. ஏதென்ஸில் கி.மு. 388-இல் அரங்கேறியது. உண்மையில் இது மேடையில் நடப்பதில்லை. மறுநாள் காரியோன் தன் எசமானியிடம் சொல்லும் கதை. திருடனே திருட்டுக்குச் சாட்சி சொல்கிறான், கேட்கக் கேட்கச் சிரிப்பு.

[திரையில்: டெல்ஃபி மலைச்சரிவு.]

சரி, இவர்கள் ஏன் அந்தக் கோயிலில் போய்ப் படுத்தார்கள்? காரியோனின் எசமான் க்ரெமிலோஸ், நேர்மையான ஏழை விவசாயி. அயோக்கியர்கள்தான் பணக்காரர்களாகிறார்கள், என் ஒரே மகனையும் அயோக்கியனாக வளர்க்கட்டுமா என்று டெல்ஃபி கோயிலில் அப்பொல்லோ கடவுளிடம் குறி கேட்கப் போகிறார். வெளியே போனதும் முதலில் எதிர்ப்படுபவனை விடாதே, வீட்டுக்கு அழைத்துப் போ என்று வாக்கு வருகிறது. எதிர்ப்படுவது அழுக்குப் பிடித்த ஒரு குருட்டுக் கிழவர். அவர்தான் ப்ளூடோஸ், செல்வத்தின் கடவுள். நல்லவர்கள் வீட்டுக்கு மட்டுமே போவேன் என்று சிறுவயதில் சொன்னதற்காக கடவுள்களின் தலைவரான ஜீயஸ் பார்வையைப் பறித்துவிட்டாராம். அதனால்தான் பணம் கண்ட இடத்தில் போய் விழுகிறது.

கண்ணைத் திறந்துவிட்டால் போதும், ஏழைகளின் கஷ்டம் தீர்ந்தது என்று கணக்குப் போடுகிறார் க்ரெமிலோஸ். நோயாளிகள் இரவு தங்கிக் குணமாகும், மருத்துவக் கடவுள் அஸ்க்லிபியோஸின் கோயிலுக்குப் பயணம் அதற்காகத்தான்.

கிளம்பும் முன் ஒருத்தி வழிமறிக்கிறாள். பெயர் பெனியா, வறுமை. என்னைக் கேட்டால் நாடகத்தின் உயிர் இங்கேதான். எல்லோரும் பணக்காரரானால் கொல்லன் வேலை யார் செய்வது, செருப்பு யார் தைப்பது, கப்பல் யார் கட்டுவது என்று கேட்கிறாள். அடிமைகள் செய்வார்கள் என்கிறார் க்ரெமிலோஸ். அடிமைகளைப் பிடித்து விற்க எந்தப் பணக்காரன் உயிரைப் பணயம் வைப்பான் என்கிறாள் அவள். பிச்சைக்காரன் வேறு, ஏழை வேறு. ஒன்றுமே இல்லாதவன் பிச்சைக்காரன், உழைத்துச் சிக்கனமாக வாழ்பவன் ஏழை என்றும் பிரித்துக் காட்டுகிறாள். க்ரெமிலோஸிடம் ஒழுங்கான பதில் இல்லை. நீ என்னை ஒத்துக்கொள்ள வைத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று கத்தி அவளை விரட்டிவிடுகிறார். வாதத்தில் வென்றவள் வெளியே போகிறாள். அரிஸ்டோஃபனீஸ் யார் பக்கம் என்று அறிஞர்கள் இன்னமும் அடித்துக்கொள்வது இந்த இடத்தை வைத்துத்தான்.

கோயிலில் இரண்டு பாம்புகள் வந்து ப்ளூடோஸின் இமைகளை நக்குகின்றன. பத்துக் கிண்ணம் மது குடித்து முடிப்பதற்குள் பார்வை வந்துவிட்டது என்கிறான் காரியோன். அளவுகோலைக் கவனியுங்கள்!

அதன்பின் நல்லவர்கள் வீட்டில் செல்வம் கொட்டுகிறது. பொய் வழக்குப் போட்டுப் பிழைத்தவன் தெருவுக்கு வருகிறான். பலி கொடுக்க யாரும் இல்லாததால் பட்டினி கிடந்த ஹெர்மெஸ் கடவுளே வேலை கேட்டு வாசலில் நிற்கிறார். கிணற்றடியில் குடல் கழுவும் வேலை கிடைக்கிறது.

[திரையில்: வெறிச்சோடிய கோயில் வாசல்.]

கடைசியில் இன்னொரு பூசாரி வருகிறார். 'காப்பாற்றும் ஜீயஸ்' கோயிலின் பூசாரி. காப்பாற்றுபவரின் பூசாரி பசியில் சாகக் கிடக்கிறார். முன்பெல்லாம் கடலிலிருந்து பிழைத்து வந்த வணிகன் பலி கொடுப்பான், வழக்கில் தப்பியவன் கொடுப்பான், பூசாரிக்கும் பங்கு வரும். இப்போது யாருக்கும் எதுவும் வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் கோயில் பக்கம் வருவது மலம் கழிக்க மட்டும்தான் என்று புலம்புகிறார். அதிலும் உங்களுக்குரிய பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்கிறார் க்ரெமிலோஸ்.

பூசாரி அதிகம் யோசிப்பதில்லை. ஜீயஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். ப்ளூடோஸை ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் அதீனா தேவி கோயிலின் பின்கட்டில், நகரத்தின் கருவூலம் இருந்த இடத்தில், குடியேற்ற ஊர்வலம் கிளம்புகிறது. தீப்பந்தத்தைப் பூசாரியிடம்தான் கொடுக்கிறார்கள். புதுக் கடவுளுக்கு முன்னால் அவர் நடக்கிறார்.