தாழ்வாரம் எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டோடு ஒட்டி ஒரு தாழ்வாரம் இறக்கலாம் என்று முடிவானதும் பேச்சு எங்கே போகும்? தூண் உருண்டையா சதுரமா, தரைக்கு என்ன கல், கூரைக்கு ஓடா தகடா என்றுதான் போகும். எந்தப் பக்கம் என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. வாசல் பக்கம்தானே என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். தகட்டை நாளைக்கு மாற்றிவிடலாம், தூணைக்கூட மாற்றலாம். தாழ்வாரத்தைத் தூக்கி அடுத்த பக்கம் வைக்க முடியாது. வராந்தா, சிட்-அவுட் என்று நீங்கள் எந்தப் பெயர் சொன்னாலும், இன்றைய பேச்சு அதன் இடத்தைப் பற்றியது.

பக்கத்துக்கு முன்னால் நேரத்தை முடிவு செய்யுங்கள். அங்கே யார், எத்தனை மணிக்கு உட்காரப் போகிறார்கள்? விடிந்ததும் உட்காருகிறவருக்கும், வேலை முடிந்து மாலையில் வந்து சாய்கிறவருக்கும் ஒரே பக்கம் பொருந்தாது. கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில் காலை வெயில் முகத்தில் அடிக்கும். பிற்பகலில் வீடே அதற்குக் குடை பிடிக்கும். மேற்குப் பக்கம் இதற்கு நேர் எதிர். காலை முழுக்க நிழல். மாலையில் கூரை இருந்தும் பயனில்லை.

ஏன் பயனில்லை என்பதைக் கணக்காகப் பாருங்கள். கூரையின் வெளிவிளிம்பு தரையிலிருந்து 8 அடி உயரத்தில் இருக்கிறது, சூரியன் நேர் எதிரே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை (டிகிரி) உயரத்தில் இருந்தால் வெயில் ஏறத்தாழ நாலரை அடி உள்ளே வரும். 45 பாகைக்கு இறங்கினால் 8 அடி. 30 பாகையில் 14 அடி. 8 அடி அகலத் தாழ்வாரம் என்றால் 45 பாகையிலேயே தரை முழுவதும் வெயில். அதற்குக் கீழே சுவரில் ஏறத் தொடங்கிவிடும். வெப்பமண்டலப் பகுதிகளில் பிற்பகல் சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை இறங்குகிறது. அதாவது, மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே அந்தத் தாழ்வாரம் வெயிலுக்குச் சொந்தம். அகலத்தை இரண்டு அடி கூட்டுவதால் இது தீராது. தாழ்ந்த வெயிலைத் தடுக்க மேலே கூரை போதாது. எதிரே தட்டியோ, படரும் கொடியோ, சுருட்டி ஏற்றும் திரையோ வேண்டும். அதைப் போட்டால் காற்றும் குறையும், பார்வையும் மறையும். அப்புறம் எதற்குத் தாழ்வாரம் என்று தோன்றும்.

வடக்கும் தெற்கும் வெப்பமண்டலத்தில் எளிய பக்கங்கள். நண்பகல் சூரியன் உயரத்தில் இருப்பதால் சாதாரணக் கூரையே போதும். குளிர் மிகுந்த நாடுகளில் கணக்கு வேறு: அங்கே நிலநடுக்கோட்டை நோக்கிய பக்கத்தில் தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலை விரும்பி உள்ளே விடுவார்கள்.

உங்கள் வீட்டில் இதைச் சோதிக்க 3 அடிக் கம்பு ஒன்று போதும். உட்கார நினைக்கும் நேரத்தில் அந்த இடத்தில் செங்குத்தாக நட்டு, நிழலை அளவுங்கள். நிழல் சாய்வாக விழுந்தால், சுவரை நோக்கி நேராக எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும் எடுங்கள். அது 6 அடி என்றால் உயரத்தைப் போல இரு மடங்கு. 8 அடி உயர விளிம்புக்குக் கீழே வெயில் 16 அடி போகும் என்று பொருள். ஒரே நாள் அளந்துவிட்டு நம்பிவிடாதீர்கள். கோடையில் ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு முறை பாருங்கள்.

காற்றுக்கு இன்னும் எளிய வழி: ஒரு கழியின் நுனியில் மெல்லிய துணி நாடாவைக் கட்டி, காலையும் மாலையும் சில நாள் கவனிப்பது. புழுக்க காலத்தில் காற்று வரும் திசையும், மழையைச் சுமந்து வரும் காற்றின் திசையும் பல இடங்களில் வேறுவேறு. சாரல் 45 பாகை சாய்ந்து அடித்தால் 8 அடி உயரத் திறப்பின் வழியே 8 அடி உள்ளே நனையும். மழைக்காற்றுப் பக்கம் கட்டியவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவது இதனால்தான்.

வெயிலும் காற்றும் ஒத்துவந்த பக்கத்தில் என்ன அறை இருக்கிறது? வீட்டார் அதிகம் புழங்கும் அறையிலிருந்து ஒரே கதவில் வெளியே வர முடிந்தால்தான் தாழ்வாரம் உயிரோடு இருக்கும். படுக்கையறையைக் கடந்து போக வேண்டிய தாழ்வாரம் ஆறு மாதத்தில் பழைய சாமான் போடும் இடமாகிவிடும். குளியலறை ஜன்னலோ கழிவறையின் காற்றுக் குழாயோ திறக்கும் சுவரைத் தொடவே வேண்டாம். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி அங்கே மாட்டியிருந்தால் அதன் சூடான காற்று உட்காருகிறவர் மேல்தான் வீசும்.

வெளிச்சத்தை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாழ்வாரம் போட்டதும் அதன் பின்னால் உள்ள அறை இருளும். ஜன்னலிலிருந்து வானம் தெரிவது குறைந்துவிடுகிறதல்லவா? ஒரே ஜன்னல் உள்ள அறை என்றால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். இரண்டு சுவர்களில் ஜன்னல் இருந்தால் ஒன்றை இழக்கலாம். கூரையில் ஒளி ஊடுருவும் தகடு ஒன்றிரண்டு சேர்ப்பது வழக்கம். வெயில் படும் பக்கத்தில் அது வெப்பத்தையும் சேர்த்தே இறக்கும், பார்த்துச் செய்யுங்கள்.

எவ்வளவு அகலம்? நாற்காலிக்கு 2 அடி, நீட்டிய காலுக்கு 2 அடி, பின்னால் ஆள் நடக்க 3 அடி. ஆக 7 அடி. 4 அடி என்றால் அது நடைபாதைதான். நாலு பேர் மேசையைச் சுற்றி அமர 10 முதல் 12 அடி தேவை. அந்தப் பக்கம் இவ்வளவு இல்லையென்றால், வீட்டின் மூலையைச் சுற்றி ‘ட’ வடிவில் திருப்பலாம். செலவு கூடும்; ஆனால் காலைக்கு ஒரு கை, மாலைக்கு ஒரு கை கிடைக்கும்.

எல்லைச் சுவர் வரை இடம் இருப்பதால் கட்டிவிடலாம் என்று பொருளில்லை. கட்டட விதிகள் சுற்றிலும் விடச் சொல்லும் காலியிடத்தில் கூரையிட்ட தாழ்வாரமும் பல இடங்களில் கணக்கில் வரும். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே போங்கள்.

இனி தரைக்கு அடியில். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, கழிவுக் குழாயின் சேம்பர், மின் இணைப்புக்கான எர்த் குழி இவையெல்லாம் எங்கே என்று ஒரு தாளில் வரையுங்கள். செப்டிக் டேங்கின் மூடி மேல் தளம் போட்டால், அது நிரம்பும் நாளில் தளத்தை உடைப்பீர்கள். ஆழ்துளைக் கிணற்றின் மேல் கூரை வந்தால் மோட்டாரை வெளியே இழுக்க முடியாது. குழாய்த் துண்டுகளை நேரே மேலே தூக்க வேண்டுமே!

மண்ணும் ஏமாற்றும். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியை மீண்டும் நிரப்பிய மண், சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடிக்கு இருக்கும். அதைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காமல் மேலே தளம் போட்டால், ஒன்றிரண்டு மழைக்காலத்தில் சுவரோரம் தாழ்ந்து, வெளியே ஓட வேண்டிய தண்ணீர் வீட்டை நோக்கித் திரும்பும். புதிய தூணுக்கான குழியைப் பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டாதீர்கள். பழையதன் பிடிமானம் போய்விடும். புதிய தளத்தையும் பழைய சுவரையும் ஒன்றாகக் கட்டிப் பிணைப்பதும் தவறு. புதியது தன் பாட்டுக்குக் கொஞ்சம் இறங்கும். நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடைத்தால் விரிசல் வராது. தாழ்வாரத் தரை வீட்டுத் தரையைவிட 4 முதல் 6 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். 8 அடிக்கு 1 முதல் 2 அங்குலம் வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள்.

மேலே பார்த்தால், ஜன்னல் சன்ஷேடு பெரும்பாலும் 7 அடியில் இருக்கும். கூரையை அதற்குக் கீழே இணைத்தால் வெளிவிளிம்பு தலையில் இடிக்கும். எனவே சன்ஷேடுக்கு மேலேதான் இணைக்க வேண்டும். ஓட்டுக் கூரை ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டுக்குச் சுமார் 27 பாகை சரிவு என்றால் 8 அடி அகலத்துக்கு 4 அடி ஏற்றம். விளிம்பு ஏழரை அடி, சுவரில் சேருமிடம் பதினொன்றரை அடி. ஒற்றை மாடி வீட்டின் பக்கச் சுவர் அவ்வளவு உயரம் இருக்கிறதா? இல்லையென்றால் தகடுதான். அதற்கு 8 அடிக்கு 10 அங்குலச் சரிவு போதும்.

எந்தக் கூரையானாலும் சுவரோடு சேரும் கோட்டில்தான் ஒழுகும். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, வளைத்த தகட்டின் மேல்முனையை அதற்குள் செருகி அடைக்க வேண்டும். சிமென்ட் பூசி மூடினால் ஒரே கோடையில் பிளந்துவிடும். மாடி மழைநீர்க் குழாய் அந்தக் கூரை மேல் கொட்டாதபடி திருப்பிவிடுங்கள். 100 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழைக்கே 230 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். அது இறங்கி ஓட வழியில்லாத பக்கமும் சரியான பக்கம் அல்ல. பக்கம் திறந்த கூரையைக் காற்று அடியிலிருந்து தூக்கும் என்பதால், தகட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைத் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் போல்ட் போட்டு இறுக்குவது கட்டாயம்.

இத்தனையும் தேறி வந்த பிறகும் உடனே குழி தோண்டாதீர்கள். நாலு கம்பு நட்டு, நினைத்த அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, நாற்காலிகளைப் போட்டு இரண்டு வாரம் புழங்குங்கள். யாரோ ஒருவர் தினமும் நாற்காலியை ஒரே திசைக்கு நகர்த்திக்கொண்டே இருப்பார். எந்தத் திசைக்கு என்று பார்த்துவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வணக்கம்.