ரூஃப் சென்சார் பலத்தை அளக்காது: முட்டு எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம். பின்னாடி தெரியுற ரூஃப் 150 மில்லிமீட்டர் ஸ்லாப், எம்30 ரெடிமிக்ஸ் (28 நாள்ல 30 எம்பிஏ, அதாவது மெகாபாஸ்கல் பலம் வரவேண்டிய கலவை), நாளைக்குக் காலையில காங்கிரீட். கையில இருக்கிறது உள்ள புதைக்கிற சென்சார். சின்ன டப்பா, அதுலேர்ந்து ஒரு ஒயர், வெப்பநிலையை அளக்கிறது ஒயரோட நுனி. புளூடூத்ல போனுக்கு ரீடிங் வரும்.

ஆப்ல "20 எம்பிஏ"ன்னு காட்டினதும் பலத்தையே அளந்துடுச்சுன்னு நினைச்சிடாதீங்க. இதுக்குத் தெரிஞ்சது வெப்பநிலையும் நேரமும் மட்டும்தான். ரெண்டையும் பெருக்கிக் கூட்டிக்கிட்டே போகும், அதுக்குப் பேரு மெச்சூரிட்டி. இத்தனை மெச்சூரிட்டிக்கு இத்தனை பலம்னு ஒரு கர்வ் நாமதான் முன்னாடியே போட்டுக் கொடுக்கணும். முறை ஏஎஸ்டிஎம் சி1074ங்கிற அமெரிக்கத் தரநிலையில இருக்கு. அவங்க சிலிண்டர் போடுவாங்க, நம்ம ஊர்ல 150 மில்லிமீட்டர் க்யூப். மொத்தம் 17 போடுங்க. ரெண்டுல சென்சார் புதைங்க, மீதி 15ஐ 1, 3, 7, 14, 28வது நாள்ல உடைங்க. அந்த அஞ்சு புள்ளிதான் உங்க கர்வ்.

கணக்கு எப்படின்னு ஒரு உதாரணம். உங்க கர்வ்ல 20 எம்பிஏ 2,400 டிகிரி-மணியில வருதுன்னு வச்சுக்கோங்க. ஸ்லாப் சராசரி 38 டிகிரியில இருந்தா 63 மணி நேரம் போதும். மழைக்காலத்துல 28 டிகிரின்னா 86 மணி நேரம். அதே ரூஃப், அதே கலவை, கிட்டத்தட்ட ஒரு நாள் வித்தியாசம். நாள் எண்ணி செண்ட்ரிங் பிரிக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது.

இப்போ கட்டுறதைப் பாருங்க. ஒயரைக் கம்பியோட அடிப்பக்கமா விட்டு, ஒரு அடிக்கு ஒரு டேக் போடுங்க. மேல விட்டா வைப்ரேட்டர் நீடில் பட்டு அறுந்துடும். நுனி கம்பியைத் தொடக்கூடாது, ரெண்டு கம்பிக்கு நடுவுல ஸ்லாபோட பாதி ஆழத்துல நிக்கணும். டப்பா மட்டும் மேல் மட்டத்துலேர்ந்து 5 சென்டிமீட்டருக்குள்ள இருக்கட்டும், ஈரக் காங்கிரீட் புளூடூத் சிக்னலைக் குடிச்சிடும்.

எந்த இடத்துல வைக்கிறது? பெரும்பாலும் எட்டுறதுக்கு வசதியான இடத்துல, பீம் ஓரமா கட்டிடுறாங்க. பீம் தடிமனா இருக்கிறதால சூடு நிக்கும், நம்பர் நல்லா வரும், ஆனா ஸ்லாப் நடுவுல பலம் பின்தங்கியிருக்கும். கடைசியா கொட்டுற பேல (ரூஃபோட ஒரு பகுதி), ஸ்லாப் நடுவுல ஒண்ணு, வெளி ஓரத்துல ஒண்ணு வைங்க. ஏன் கடைசி பே? அதுதானே வயசுல சின்னது.

இனி சொதப்புற இடங்கள். சென்சாரை முந்தின நாளே ஆன் பண்ணிட்டு, ஆப்ல "காங்கிரீட் போட்ட நேரம்" குறிக்காம விட்டா, 35 டிகிரி காத்தையும் சேர்த்து எண்ணும். 24 மணி நேரத்துக்கு 840 டிகிரி-மணி சும்மா ஏறிடும். மேல சொன்ன 2,400ல அது மூணுல ஒரு பங்குக்கும் மேல. அடுத்தது அடிப்படை வெப்பநிலை, அதாவது எந்த டிகிரியிலேர்ந்து எண்ண ஆரம்பிக்கணும்ங்கிறது: கர்வ் போடும்போது 0 டிகிரி வச்சிருந்தா ஆப்லயும் 0தான் இருக்கணும். அது மைனஸ் 10ல இருந்தா மணிக்கு 10 டிகிரி கூடுதலாப் போய்க்கிட்டே இருக்கும்.

எல்லாத்தையும் விட மோசமானது தண்ணி. கலவை கெட்டியா இருக்குன்னு ட்ரம்ல ஹோஸைத் திறந்து விட்டா பலம் குறையும், ஆனா சென்சார் அதைக் கண்டுபிடிக்காது. அதுபாட்டுக்கு 20 எம்பிஏன்னு காட்டும். சிமெண்ட் ஓபிசியிலேர்ந்து (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) பிபிசிக்கு (ஃப்ளை ஆஷ் மாதிரி பொசலானா கலந்தது) மாறினாலும், ஃப்ளை ஆஷ் அளவு மாறினாலும் இதே கதைதான், அந்த கர்வை தூக்கிப் போட்டுட்டு புதுசா 17 க்யூப்.

அதனால முட்டு எடுக்கிறதுக்கு முன்னாடி சைட்லயே ஸ்லாப் பக்கத்துல கியூர் பண்ண மூணு க்யூபை உடைச்சு ஒத்துப் பாருங்க. சி1074ம் மெச்சூரிட்டியை மட்டும் நம்பிப் பிரிக்கச் சொல்லலை. நம்ம நாட்டு காங்கிரீட் விதிமுறை ஐஎஸ் 456 சொல்றது, பிரிக்கிற நேரத்துல வரப்போற அழுத்தத்துக்கு ரெண்டு மடங்கு பலம் இருக்கணும்னு. அதுலயே நாள் கணக்கும் இருக்கு: சாதாரண ஓபிசிக்கு, 15 டிகிரிக்குக் குறையாம இருந்தா, 4.5 மீட்டர் வரைக்குமான ஸ்லாப் முட்டுக்கு 7 நாள், அதுக்கு மேல 14. சென்சார் சீக்கிரம் சொன்னாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாம தொடாதீங்க, மேல அடுத்த ரூஃபோட பாரமும் இந்த முட்டு மேலதான் இறங்கும். 28 நாள் பலத்துக்கும் இதை நம்பாதீங்க. கோடையில ஆரம்பத்துல சூடு ஏறினா முதல் நாள்கள்ல பலம் வேகமா வரும், கடைசியில குறைஞ்சு நிக்கும்.

ராஃப்ட் (கட்டடத்துக்கு அடியில போடுற தடிமனான அஸ்திவார ஸ்லாப்) போடுறவங்களுக்கு ஒண்ணு. 1.5 மீட்டர் தடிமன்னா மூணு நுனி வேணும்: மையத்துல, மேலேர்ந்து 5 சென்டிமீட்டர்ல, கீழேர்ந்து 5 சென்டிமீட்டர்ல. மையம் 70 டிகிரியைத் தாண்டக்கூடாது, மையத்துக்கும் மேற்பரப்புக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்குள்ள. வித்தியாசம் ஏறுதுன்னு பதறி பாத்தி கட்டி குளிர்ந்த தண்ணி விடுவாங்க. அப்போதான் மேல வெடிப்பு விழும். தெர்மோகோல் ஷீட் போட்டு மூடுங்க, மேல்பக்கமும் சூடா இருக்கட்டும், வித்தியாசம் தானா இறங்கும்.