கட்டடத்துக்குப் பணம் கிடைக்கும், கரண்டு பில்லுக்கு?

(மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தோட்டப்புறச் சங்கப் பொறுப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கமிருந்து வந்திருக்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே, வணக்கம்.

மானியம் வாங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். தாள் வேலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். சங்கம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கறிக்கை சங்கப் பதிவகத்துக்குப் போக வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், செயலாளர் பெயரில் வேண்டாம். (சிரிக்கிறீர்கள், இன்னும் நடக்கிறது!) நன்கொடை தரும் நிறுவனம் வரிக்கழிவு கேட்டால், அதற்கு 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி வேண்டும். அது உங்களிடம் இல்லையென்றால், அனுமதி பெற்ற அறவாரியம் ஏதாவது உங்கள் திட்டத்தைத் தன் திட்டமாக ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். தோட்டத்தில் டியூஷன் நிலையம் என்று எழுதினால் கணினி கிடைக்கும், மேசை கிடைக்கும், பெயர்ப்பலகையும் கிடைக்கும். படம் எடுக்க வசதியான பொருள்கள். மாதா மாதம் கரண்டு பில் யார் கட்டுவது? டவுனிலிருந்து மோட்டாரில் வரும் ஆசிரியைக்கு எண்ணெய்க் காசு? இதை மனுவில் எழுத நமக்கே கூச்சம். இரண்டு வருடத்து நடப்புச் செலவை வெட்கப்படாமல் எழுதுங்கள். எல்லாரும் தரமாட்டார்கள்தான். அப்படியானால் மேசையைக் குறைத்துக் கேளுங்கள், ஆசிரியையைக் குறைக்காதீர்கள்.

மிச்சத்துக்கு ஊரில்தான் வசூலிக்க வேண்டும். ஏழைகளிடம் வசூலா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் பழைய கதை ஒன்றைச் சொல்லுங்கள். ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் வேலையும் போனது, லயத்து வீடும் போனது. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று, அன்றைய ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அன்றைய கூலியில் அது பெரிய காசு. அப்படி வாங்கிய முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சிடிம். அது கூட்டுறவு, நாம் பேசுவது மானியம், ஒன்றல்ல. ஆனாலும் தன் காசு போட்டவர்தான் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பார். குடும்பத்துக்கு ஐந்து வெள்ளி வாங்கினாலும் அந்த வாய் திறக்கும். நிர்வாகத்துக்கு அது தொல்லைதான், எனக்குத் தெரியும்.

தேநீருக்கு அப்புறம் உங்கள் பட்ஜெட் தாளை எடுத்து வாருங்கள். நடப்புச் செலவுப் பகுதியை மட்டும் உட்கார்ந்து பார்ப்போம்.