ஞாயித்துக்கிழமை வரைக்கும் கேள்வி காத்திருக்குமா?

நடுவர் ஐயா, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சின்னப் பிள்ளைங்களுக்கு விசுவாசத்தச் சொல்லிக்குடுக்க ஏத்த எடம் வீடா, சர்ச்சுல ஞாயித்துக்கிழமை நடக்குற சண்டே ஸ்கூலான்னு தலைப்பு குடுத்துட்டு என்னைய வீட்டுப் பக்கம் நிறுத்திட்டீங்க, நானே ஒன்பது வருஷமா சண்டே ஸ்கூல் டீச்சர்ங்கிறது தெரிஞ்சே பண்ணீங்களோ என்னமோ.

எதிரணி அக்கா, பெத்தவங்களுக்கு வேதம் சரியாத் தெரியாது, டீச்சர் சொன்னாத்தான் பிள்ளைக்குப் புரியும்னாங்க. அக்கா, 1780ல இங்கிலாந்துல குளோஸ்டர் ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ் சண்டே ஸ்கூல் ஆரம்பிச்சது வாரம் பூரா வேலைக்குப் போயி எழுத்து வாசனையே இல்லாம இருந்த ஏழைப் பிள்ளைங்களுக்கு. நாம பிள்ளைய பைக்ல கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு டீக்கடையில போயி உக்காரவா ஆரம்பிச்சாரு? அதுக்கும் முன்னாடி 1529லயே சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், சிறிய ஞானோபதேசம்ங்கிற கேள்வி-பதில் விசுவாசப் புத்தகத்த எழுதினப்ப, வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு இத எளிமையா எப்படிச் சொல்லணும்னுதான் தலைப்பே போட்டாரு.

எங்க மாமனார் அடக்கம் முடிஞ்ச மறுநாள் காலையில தோசை ஊத்திட்டு இருக்கேன், அஞ்சு வயசு மக வந்து நிக்கிறா, "தாத்தாவ பொட்டிக்குள்ள வெச்சு ஆணி அடிச்சுட்டாங்களே, இயேசப்பா எப்படித் தெறப்பாரு?" தோசை கருகிப்போச்சு. எனக்கும் முழுசாத் தெரியலடி, ஆனா தாத்தா அத நம்பித்தான் கண்ண மூடினாருன்னேன். "அப்போ தாத்தாவுக்குத் தெரியும்"னுட்டு சட்னி கேட்டா. இதே கேள்விய முப்பது பிள்ளைங்களுக்கு நடுவுல கேட்டிருந்தா, நல்ல கேள்வி, அடுத்த வாரம் பாப்போம்னுட்டு நான் ஆக்‌ஷன் சாங் போட்டிருப்பேன், சத்தியமா.

வேதத்துல யாத்திராகமம் 12:26 பாருங்க, இஸ்ரவேலர் எகிப்துல இருந்து விடுதலையானத நெனச்சு வீட்டுல விருந்தா ஆசரிக்கிற பஸ்கா பண்டிகையப் பத்தி, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைங்க கேட்டா பதில் சொல்லுங்கன்னு இருக்கு. மொதல்ல கேக்கறது பிள்ளை. அதுவும் வீட்டுல, சாப்பாட்டு நேரத்துல.

வீட்டுல "பொய் சொன்னா இயேசப்பா கண்ணக் குத்திருவாரு"ன்னு பயமுறுத்தறாங்கன்னு அக்கா சொன்னாங்க, உண்மைதான், எங்க அத்தையே சொல்லுவாங்க. ஒருநாள் மக திருப்பிக் கேட்டுட்டா, "அவருதான் குருடனுக்குக் கண்ணு குடுத்தாரே, அவரு எப்படி ஆச்சி குத்துவாரு?" அன்னைக்கு நின்ன பேச்சு அது. அந்தக் கதைய சொல்லிக்குடுத்தது சண்டே ஸ்கூலுதான்னு அக்கா அங்க முணுமுணுக்கறாங்க, ஒத்துக்கறேன், ஆனா அக்கா, அந்த டீச்சரும் நான்தான். மணி அடிச்சிட்டீங்க ஐயா, எறங்குறேன்.