கண் மூடாத கப்பல்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகளே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசிவிட்டுப் போன பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய கையோடு கைக்கடிகாரத்தையும் காட்டிய செயலாளர் அவர்களே, வணக்கம்.

காவல் கப்பலைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அதன் வேலை, ஆயுதம், செலவு.

வேலை என்ன? விமானந்தாங்கிக் கப்பல் பின்னால் பத்திரமாக வரும். காவல் கப்பல் எதிரி வருகிற திசையில், பல மைல் முன்னால் போய் நிற்கும். முதலில் பார்ப்பதும் அது, முதலில் அடி வாங்குவதும் அது. 1945இல் ஒகினாவாவைச் சுற்றி அமெரிக்கர்கள் ரேடார் கப்பல்களை வளையமாக நிறுத்தினார்கள். ஜப்பானியரின் தற்கொலை விமானங்கள் பல, அந்தக் கப்பல்கள் மேல்தான் வந்து விழுந்தன.

எங்கே போனாலும் நான் சொல்கிற பழமொழி உங்களுக்குத் தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! காவல் கப்பல்தான் படைக்குக் கண்.

1982, மே 4. பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து போர். ஷெஃபீல்ட், கிளாஸ்கோ, கோவென்ட்ரி என்று மூன்று பிரிட்டிஷ் கப்பல்கள் முன்காவலில் நிற்கின்றன. திடீரென்று கிளாஸ்கோவிலிருந்து ஒரு குரல்: ‘ஹேண்ட்பிரேக்!’ நடுக்கடலில் எந்த வண்டிக்கு பிரேக் என்கிறீர்களா? எதிரி விமானத்தின் ரேடார் தட்டுப்பட்டால் சொல்ல வேண்டிய ரகசியச் சொல் அது. ஏற்கெனவே பலமுறை பொய் எச்சரிக்கை வந்திருந்ததால் மேலதிகாரிகள் நம்பவில்லை. சரி, ஷெஃபீல்டுக்காவது தெரிந்ததா? அங்கே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அது ஓடினால், எதிரி ரேடாரை உணரும் கருவிக்குக் காது கேட்காது. வான் தாக்குதலைக் கவனிக்க வேண்டிய அதிகாரியோ காபி குடிக்கப் போயிருந்தார். சிரிக்காதீர்கள் ஐயா. அடுத்த சில நிமிடங்களில் எக்சோசெட் ஏவுகணை வந்து பாய்ந்தது. 20 பேர் போனார்கள். ஆறாம் நாள் கப்பலும் மூழ்கியது. ஆட்களில் சிலர் சும்மா காத்திருந்து அலுத்துப்போயிருந்தார்கள் என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது.

ரேடாருக்கு அலுப்பு இல்லை, மனிதனுக்கு உண்டு. தூக்கமும் உண்டு. போர்க்கப்பலில் காவல் நிற்பவருக்கும் போதிய ஓய்வு வேண்டும் என்று ஒரு மனு எழுதி, நான் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குவது அதற்காகத்தான். 2017இல் இரண்டே மாத இடைவெளியில் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதின. 17 மாலுமிகள் இறந்தார்கள். காரணங்களில் களைப்பும் ஒன்று என்று கடற்படையே ஒப்புக்கொண்டது. உடம்பின் கடிகாரத்துக்கு ஏற்றபடி காவல் முறையை மாற்றச் சொல்லி உத்தரவு போட்டது அதற்குப் பிறகுதான். கண் கெட்ட பிறகு!

வணிகக் கப்பலில் காவல் நிற்பவருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு வேண்டும் என்கிறது சர்வதேச உடன்படிக்கை. அதே உடன்படிக்கை போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது. காக்கப்படுகிறவன் தூங்கச் சட்டம் இருக்கிறது, காப்பவன் தூங்க அதில் இடமில்லை!

ஆயுதம், செலவு இரண்டும் பாக்கி. செயலாளர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனுவை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. அதிகாரிகள் முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.